அளவுக் குச்சி

கோபால்சாமியின் தோளில் அம்சவல்லி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. கடைசிக் குளியலுக்காக வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்த புருஷனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இறங்கியவர்கள் வேலூர்க் கல்லூரியின் கூடைப்பந்துப் பையன்கள். எல்லோரும் அவரைப் போலவே நெட்டை. கேப்டன் பழனி “சார்” என்று அவர் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்தக் கால்களை இத்தனை உரிமையோடு தான் ஒரு நாளாவது பிடித்ததுண்டா என்று நினைத்தாள் அம்சவல்லி. சொம்பை வேகமாகச் சாய்த்தாள். தண்ணீர் பழனியின் மேலும் விழுந்தது.

மலையிலிருந்து கண்ணமங்கலத்துக்குப் புளிமூட்டை சுமந்து போன சிறுவன் கோபால்சாமியின் உயரத்தைப் பார்த்து, ஒரு விளையாட்டு வாத்தியார் அவனைப் பள்ளியில் சேர்த்தார். அங்கே பந்து பிடித்தவர், கல்லூரிக்கு ஆடி, மெட்ராஸில் பயிற்சி முடித்து, கடைசியில் வேலூரில் கோச் ஆனார். ஒவ்வொரு படி ஏறியபோதும் மலைக்கு வருவது குறைந்தது. அம்சவல்லி சாமை விதைத்தாள், அறுத்தாள், கோடை விடுமுறைக்குக் காத்திருந்தாள். வந்தாலும் எவனுக்கு முட்டி வீங்கியது, எவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றே பேச்சு. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அந்தப் பெயர்கள்தான் வளர்ந்தன.

இந்த விடுமுறையில் அவள் பக்கத்தில் படுத்தபடியே போய்விட்டார். அதில் அவளுக்கு வெளியே சொல்ல முடியாத ஒரு திருப்தி இருந்தது.

சாரைக் கல்லூரி மைதானத்தில் சற்று நேரம் வைத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறோம் என்று பழனி கேட்டான்.

“உசுரோட இருந்த மட்டும் உங்களாண்டதான இருந்தாரு. பொணமாச்சும் எனக்குன்னு இருக்கட்டும்பா.”

பழனி பாடை கட்டுபவர்களோடு போய் நின்றான்.

புருஷனின் குழிக்கு அளவுக் குச்சியைப் பெண்டாட்டிதான் வெட்டித் தர வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அவர் படுக்கும் பாயின் நீளத்துக்குக் காலையிலேயே அவள் வெட்டிக் கொடுத்திருந்தாள். கொல்லைக் கோடியில் பாடையை இறக்கியபோதுதான் குழி போதாது என்று தெரிந்தது.

“இன்னா அளவு குடுத்தீங்க அண்ணி?” என்றான் கொழுந்தன் வேடியப்பன்.

“அவரு படுக்கிற பாய்தான். அதுலதான் அடங்குவாரு.”

பழனி தயங்கித் தயங்கிச் சொன்னான்: “ஆஸ்டல்ல சாரு காலை நீட்டிதாம்மா படுப்பாரு. கட்டிலுக்கு வெளிய நிக்கும்.”

அவள் வீட்டில், சுவருக்கும் சாமைக் குதிருக்கும் நடுவில், அவர் எப்போதும் முழங்காலை மடக்கியே தூங்கினார்.

“சாரும் நானும் ஒரே ஒசரம்” என்று பழனி குழிக்குள் குதித்து மல்லாந்து படுத்தான். உயிரோடு இருப்பவன் அதில் படுக்கலாமா என்று யாரோ முனகினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, மடங்கிய காலை நீட்டினால் எட்டும் இடத்தைக் கையால் காட்டினான். அந்த இடத்திலும் இவன்தான் முதலில் படுக்கிறான் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வேடியப்பன் மண்வெட்டியால் கோடு போட்டான்.

பழனி ஏறி வந்தபோது அவன் முதுகெல்லாம் ஈரச் செம்மண். அம்சவல்லி அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி, முந்தானையால் தட்டிவிட ஆரம்பித்தாள், கொஞ்சம் பலமாகவே.