கிரேன் எடுத்த சொடக்கு

என் நாத்தனாருக்கு நடுமுதுகில் வலி. கழுத்துமில்லை, இடுப்புமில்லை, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே. எங்கள் தையல் கம்பெனியில் ஆளுக்கொரு வைத்தியம். வாயு என்றாள் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள். குனிந்து தைத்தால் அப்படித்தான் என்றார் சூப்பர்வைசர், ஏதோ தானே தைத்துக் கிழித்தவர் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து வந்த வலி படுத்தால் குறைய வேண்டாமா? இவளுக்குப் படுத்தால்தான் அதிகம். நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிறது என்றாள். இப்போது கொஞ்ச நாளாகப் பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி கால் வைக்கிறாள்.

இன்று காலை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்தவர் முகமே மாறிவிட்டது.

"நடுமுதுகுல ஒரு எலும்பு அரிச்சு நொறுங்கியிருக்கு. பக்கத்துலயே நரம்பு. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. குலுங்கக் கூடாது, யாரும் முதுகுல கை வைக்கக் கூடாது. நரம்பு நசுங்கினா கால் ரெண்டும் போயிடும்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன். அவளுடைய மருத்துவ அட்டை கம்பெனியில், மிஷின் டிராயரில் கிடந்தது. வழியில்தானே என்று ஆட்டோவை நிறுத்தினேன்.

"நீ இறங்காத."

"சரி அண்ணி. மிரட்டாதீங்க."

உள்ளே டீ நேரம். டீ நேரம் என்றால் எங்களுக்குக் கிரேன் நேரம். இஸ்திரி போடுகிறவளுக்கு நாங்கள் வைத்த பேர் அது. முதுகு பிடித்தவளைப் பின்னாலிருந்து கட்டித் தூக்கி ஓர் உலுக்கு உலுக்குவாள். சொடக்கு விழும், எல்லோரும் கை தட்டுவோம். தங்கமான மனசு. கேட்காமலே செய்வாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். வாசலில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். சொல்லாமல் போக மனசு வரவில்லை போலிருக்கிறது, எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கிரேன், இரண்டு கைகளையும் விரித்தபடி.

"தொடாத! அவளத் தொடாத!"

நான் கத்தியது டீ நேரத்துக் கூச்சலில் யாருக்குக் கேட்டது? கட்டிப்பிடித்தாள். தூக்கினாள். உலுக்கினாள்.

கை தட்டினார்கள். நாத்தனார் கண்ணை மூடித் திறந்தாள்.

"அப்பாடா. வலியே இல்ல அண்ணி."

கிரேன் பெருமையாகச் சிரித்தபடி அவளைக் கீழே இறக்கினாள்.

"அக்கா, விட்டுடாதீங்க," என்றாள் நாத்தனார் மெதுவாக. "என் கால் தரையில இருக்கான்னு தெரியல."