வரிசையில் ஒரு விண்கப்பல்

பால்வீதியின் ஒரு கோடியில் தாது வாங்கி மறுகோடியில் விற்கத் தெரிந்தவன் பூமியில் எந்தச் சந்தையிலும் தோற்க மாட்டான் என்று சாம்ராஜ் அறிவித்தபோது, எங்கள் திருப்பதி காலேஜ் கேன்டீனில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் முதலிலிருந்து மறுபடி விளக்குவான்.

அவன் போனில் ஒரு விளையாட்டு இருந்தது. சரக்குக் கப்பலை ஓட்டிக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகப் போக வேண்டும். மலிவான இடத்தில் வாங்கி, கிராக்கி உள்ள இடத்தில் விற்க வேண்டும். அவன் கப்பலின் பெயர் ஜெபமணி மூன்று. ஜெபமணி அவன் அம்மா. ஒன்றையும் இரண்டையும் விண்வெளிக் கொள்ளைக்காரர்கள் தகர்த்துவிட்டார்கள்.

"அம்மாவுக்குத் தெரியுமாடா?" என்றேன்.

"மூணாவது நல்லா ஓடுதுன்னு மட்டும் சொல்லிக்கீறேன்."

இந்த நிலையில்தான் அவன் அப்பா ஞானசிங் சித்தூரிலிருந்து கூப்பிட்டார். மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டரோடு வரிசையில் நிற்கிறாராம். குளித்துப் பல நாளாகிறதாம். வீட்டுக்கு ஒரு நடை போய்வரும்வரை மகன் வந்து வண்டியில் உட்கார வேண்டும். அன்று டாக்ஸேஷன் இன்டர்னல் பரீட்சை என்பதால், நண்பனுக்குத் தோள்கொடுக்க நானும் கிளம்பினேன்.

சித்தூர் பைபாஸ் ஓரமாக டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய வரை நின்றன. எல்லாவற்றிலும் பெங்களூரா ரக மாங்காய். ரோடு முழுக்க ஊறுகாயும் சாராயமும் கலந்த ஒரு வாசனை. ஞானசிங் டிரெய்லர் மேலேறி, வெயில் திரும்பிய பக்கமாகச் சாக்குகளை நகர்த்திப் போட்டுக்கொண்டிருந்தார். கனிந்துவிட்டதைப் பொறுக்கிக் கீழே வீசினார். அதற்கென்றே இரண்டு மாடுகள் வண்டியின் கூடவே வந்தன. தோப்பில் இந்த வருஷம் காய்த்ததில் பாதி அந்த டிரெய்லரில் இருந்தது. மீதிப் பாதி, இதை இறக்கிவிட்டு வண்டி திரும்பி வருவதற்காக மரத்தில் காத்திருந்தது. இரண்டுமே பழுத்துக்கொண்டிருந்தன.

வரிசை ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. அவர் இறங்கி, எஞ்சினைக் கிளப்பி, நகர்த்தி, அணைத்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார் மெதுவாக.

"நைனா, ஒரு வண்டி நகந்ததுக்கே ஸ்தோத்திரமா? கேட் தொறந்தா இன்னா சொல்லுவ?" என்றான் சாம்ராஜ்.

"தொறக்கட்டும், அப்ப பாத்துக்கலாம்."

"வரிசைல நிக்கறவன் வியாபாரி இல்ல நைனா. வாட்ச்மேன்."

ஞானசிங் அவனைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நகந்தா நகத்து. நகரலன்னா உக்காந்துக்கினு இரு. லைன உட்டு மட்டும் வண்டிய எடுத்துடாத. எடுத்தா எடம் போச்சு." என்னிடம், "தம்பி முரளி, நீயாவது பாத்துக்க" என்றார். நான் தலையாட்டினேன். பஸ் ஏறிப் போனார். கொஞ்ச நேரம் ஜெபமணி மூன்று ஏதோ ஒரு சிவப்பு நட்சத்திரத்துக்குப் போனது. அந்தத் துறைமுகத்தில் நெரிசல் என்றதும் பக்கத்து நட்சத்திரத்துக்குத் தாவி லாபத்தில் விற்றது. சாம்ராஜ் போனிலிருந்து தலை தூக்கி வரிசையைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் மாங்காய் விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. திருப்பதி ரோட்டில் பாகாலா தாண்டி ஒரு ஃபேக்டரியாம். வரிசையே இல்லையாம். விலையும் கூடவாம்.

"மச்சா, தாவறோம்."

"உங்க நைனா எடுக்காதன்னாருடா."

"அவரு ஒரே நட்சத்திரத்துல பொறந்து வளந்தவரு."

வண்டியை வெளியே எடுத்தான். நாங்கள் நின்ற இடத்தைப் பின்னால் இருந்தவர் அடைத்துக்கொண்டார். எங்கள் டிரெய்லரின் வால் ரோட்டைத் தொடும் முன்பே அடைத்தார். போகும்போது எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். நல்ல மனிதர்.

டிராக்டரில் பாகாலா தூரம். விண்கப்பலுக்கு ஒரு விரல் தட்டல். எங்களுக்கு முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் பயணம். ஒவ்வொரு குழியிலும் மாங்காய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. விளையாட்டில் சரக்கு அடிபடுவதில்லை, அழுகுவதும் இல்லை. இதை நான் சொல்லவில்லை. அவனுக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

ஃபேக்டரி கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

"ஏமி நாயனா, நீங்களும் மெசேஜ் பாத்துட்டா வந்தீங்கோ? அது போன சீசன் மெசேஜு. இந்த வருசம் மெஷினே ஓட்டல" என்றார் தெலுங்கு வாடையோடு.

"இப்பதான் வந்துச்சு அண்ணா, குரூப்ல."

"இப்பதான் எவனோ அனுப்பிக்கிறான். எழுதுனது போன வருசம்." அவர் குழம்பு ஊற்றிக்கொண்டார். "துன்றீங்களா?"

திரும்பி வரும் வழியில் சாம்ராஜ் ஒவ்வொரு குழிக்கும் வேகத்தைக் குறைத்தான். அவனைக் கிண்டல் செய்ய என்னிடம் நிறைய இருந்தது. பின்னால் மாங்காயின் வாசனை வரவர இனித்துக்கொண்டே வந்ததால் அதையெல்லாம் பிறகு வைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்தபோது சித்தூர் வந்தோம். வரிசை இன்னும் நீண்டிருந்தது. அதன் வாலில் போய் நின்றோம். ஞானசிங் சலவைச் சட்டையும் கையில் தூக்குவாளியுமாக, பழைய இடத்திலிருந்து வண்டி வண்டியாகத் தேடிக்கொண்டே நடந்து வந்தார். எங்களைப் பார்த்தார். முன்னால் நிற்கும் டிராக்டர்களைப் பார்த்தார். டிரெய்லரில் கைவிட்டு ஒரு மாங்காயை அமுக்கினார். விரல் பதிந்தது.

"நைனா..." என்றான் சாம்ராஜ்.

"எஞ்சின ஆஃப் பண்ணு. டீசல் வீணாப் போவுது."

சோற்றுத் தூக்குவாளியை எங்களிடம் கொடுத்துவிட்டு, டிரெய்லருக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தார். உடனே தூங்கிப்போனார். சலவைச் சட்டையில் மண் ஒட்டியது.

போன் 'டிங்' என்றது. ஜெபமணி மூன்று எங்கேயோ சரக்கை ஏற்றி முடித்து உத்தரவுக்குக் காத்திருந்தது. சாம்ராஜ் அதை எடுத்துப் பார்க்காமலே பையில் போட்டான். மேலே ஏறி, வெயில் விழுந்த பக்கமாகச் சாக்கை இழுத்துப் போட்டான். கனிந்தவற்றைப் பொறுக்கத் தொடங்கினான். நிறையவே இருந்தன. பழைய மாடுகள் இரண்டும் எங்களைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்திருந்தன.

ரொம்ப நேரம் கழித்து முன்வண்டி நகர்ந்தது. சாம்ராஜ் கீழே குதித்து, அப்பாவை எழுப்பி ஓரமாக நகரச் சொன்னான். எஞ்சினைக் கிளப்பி, ஒரு வண்டி நீளம் ஓட்டி, அணைத்தான். ஸ்டியரிங் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். நைனாவைப் போலவே உதடு மெதுவாக அசைந்தது.

"இன்னாடா சொன்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. துன்னு, சோறு ஆறிப்போச்சு."