அடுத்த பிறந்தநாள் யாருக்கு?

"உவளிட்டையோ கேக்கப் போறீர்? உவளுக்கு என்ன தெரியும், பிள்ளை?"

வீட்டுக்கார அம்மா சரோஜினிதேவியின் குரல் குசினிவரை கேட்டது. மீன் கழுவிக்கொண்டிருந்த சீனியம்மாவின் கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் 'உவள்' என்றால் வேலைக்காரியான அவள்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கை ஒன்றில் மாடி வீடு. யுத்தம் பற்றிச் சனங்களின் கருத்தைக் கேட்டு எழுத வந்த ரபீக்கா, படிவமும் கையுமாகச் சங்கடப்பட்டு நின்றாள். சட்டம் அவள் போட்டதல்ல. வீட்டில் உண்டு உறங்கும் பெரியவர்களில் யாருக்குப் பிறந்தநாள் அடுத்து வருகிறதோ, அவரிடம்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்காரர் சிவபாதசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏற்கெனவே தயார். பாவம், கருத்துச் சொல்வதற்கென்றே ஓய்வுபெற்ற மனிதர். போன கிழமை சோதனைச் சாவடியில் ஒருவன் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, வெயிலில் நெடுநேரம் நிறுத்திவிட்டானாம்.

"ஐ.சி.யைப் பறிச்சு வைச்சா மனிசன் அசையேலுமோ? இது அடிமைத்தனம் பிள்ளை! முதல் இதை எழுதும்."

"கோவிச்சுக்காதீங்க அங்கிள். எல்லார்ட பேர்த்டேயும் பாக்கணும்." ரபீக்கா குசினிப் பக்கம் பார்த்தாள். "அந்தம்மாட எப்ப?"

சீனியம்மாவுக்கே அது தெரியாது. அவளுடைய அட்டையில் இருந்தது. அட்டை அலுமாரிக்குள் இருந்தது. ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் வேலைக்கு வந்த அன்றே, "துலைச்சுப்போடுவாய்" என்று சரோஜினிதேவி வாங்கிப் பூட்டிவிட்டாள். அது இல்லாமல் ஒழுங்கை தாண்டி, காலி வீதி என்ற பெருந்தெருவில் கால் வைத்தால் பொலிஸ் ஜீப்தான். தோட்டத்தில் அவள் மகளுக்குத் தலைப்பிரசவம், இந்த மாதக் கடைசியில். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அட்டையைக் கேட்டுக் கேட்டு சீனியம்மாவுக்கு வாய் ஓய்ந்துபோயிற்று. "பிரச்சினை குறையட்டும், பாப்பம்" என்பதே பதில். பிரச்சினை எப்போது குறைந்தது, இப்போது குறைய!

வேறு வழியின்றி அட்டை வெளியே வந்தது. பிறந்தநாள் அடுத்த கிழமை. கருத்துச் சொல்ல வேண்டியவள் சீனியம்மாவேதான்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி அவள் வந்து கதவோரம் நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சரோஜினிதேவி பக்கத்திலேயே நின்றாள்.

"நீங்க விரும்பின எடத்துக்குப் போய்வர ஏலுமா?" என்று ரபீக்கா கேட்டாள்.

"ஏலாதுங்க."

"யாரு தடுக்கிற? ஆமியா, பொலிஸா, இயக்கமா?"

சீனியம்மா அந்த அட்டையைப் பார்த்தாள். எது அவளுக்கு விருப்பம் என்று இந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. இனிக் கேட்கப்போவதுமில்லை. வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும் மகள் கண்ணுக்குள் வந்தாள்.

"இந்த அம்மாதாங்க."

"என்னடி கதைக்கிறாய்? உன்னை ஆரும் பிடிச்சுக்கொண்டு போகாமக் காப்பாத்திறது நானல்லோ!"

சிவபாதசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார். "அது வீட்டு விசயம் பிள்ளை. உதெல்லாம் எழுதாதையும்."

ரபீக்கா தாளை மேலும் கீழும் பார்த்தாள். "இதுல அதுக்குக் கட்டம் இல்ல," என்றாள் குரலைத் தாழ்த்தி. "வீட்டு விசயம் எண்டா 'தடை இல்லை' எண்டு போடத்தான் ஒபிஸ்ல செல்லியிருக்காங்க." அவளுக்கும் வேலை வேண்டுமே. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே போட்டாள்.

சரோஜினிதேவி அலுமாரியடிக்குப் போனாள். அட்டை உள்ளே போயிற்று.

கடைசிக் கேள்வியை ரபீக்கா படித்தாள். "யார்ட தலையீடும் இல்லாம உங்கட கருத்தைச் சுதந்திரமாச் சொல்ல ஏலுமா இருந்திச்சா?"

"ஓம் எண்டு போடும்," என்று பதில் வந்தது, சாவி திரும்பும் சத்தத்தோடு.

"இல்லேன்னு போடு தாயி," என்றாள் சீனியம்மா.

ரபீக்கா அவளையே பார்த்தாள். பிறகு 'இல்லை' என்பதில் அழுத்தி ஒரு புள்ளடி போட்டாள். அந்தப் புள்ளடி ஏதோ ஒரு கந்தோருக்குப் போய் நூற்றுக்கு இத்தனை பேர் என்று ஆகிவிடும். சாவியைச் சரோஜினிதேவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.