நிலவரசியின் முத்தம்

என் மாயாஜால நாவலின் அரசன் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விஷம் குடித்துப் புன்னகையோடு சாக வேண்டும். அதற்காகவே நகராட்சி வாடகைத் தோட்டத்தில் என் பாத்தியில் வச்சநாபி என்ற நச்சுச்செடியை வளர்த்தேன். கண்ணால் பார்க்காததை எழுத எனக்கு வராது. பெயர்ப்பலகையில் வச்சநாபி என்றே எழுதியிருக்கலாம். நாவலாசிரியை அல்லவா, 'நிலவரசியின் முத்தம்' என்று எழுதி நட்டேன்.

ஞாயிறு மதியம் போனபோது செடி இல்லை. குழிதான் இருந்தது.

பக்கத்துப் பாத்திக்காரர் வில்ஃப், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எங்கள் வேலியோரம் குதிரைமுள்ளங்கி, கடுகுபோல் காரமான கிழங்குச் செடி, மண்டிக் கிடக்கிறது. ஞாயிறுதோறும் ஒரு கிழங்கைத் தோண்டித் துருவி, சுட்ட மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்வார். வச்சநாபிக் கிழங்கை அதுவென்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. என் குறிப்பேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில், சிவப்பு மையில், 'அருமை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வில்ஃப் வீட்டுக்கு ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில், ரப்பர் பூட்ஸோடு, மேட்டில். மூன்று மாதக் குறிப்புகளும் கூடவே ஓடி வந்தன: முதலில் உதடு மரத்துப்போகும், அப்புறம் கை, அப்புறம் நெஞ்சு. புன்னகை எதிலும் இல்லை.

வில்ஃப் மென்றுகொண்டே கதவைத் திறந்தார்.

"துப்புங்க."

"ஏம்மா, நல்லாத்தானே வெந்திருக்கு."

"உதடு மரத்துப்போச்சா?"

"நீ பேசறதக் கேட்டு மூளைதான் மரத்துப்போச்சு."

"என் செடி, வில்ஃப். அந்தக் கிழங்கையா துருவினீங்க?"

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தார்.

"முப்பது வருஷமா மண்ணு கிண்டுறேன், எது எதுன்னு எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க தோட்டம் பார்க்க வருதுங்க. 'முத்தம்'னு பலகை வெச்சா எந்தப் பிள்ளை தொடாமப் போகும்? கையுறை போட்டுத் தோண்டி, தொட்டியில நட்டு, என் கொட்டகையில பூட்டி வெச்சிருக்கேன். உன் வீட்டுக் கதவுல சீட்டு சொருகினேனே."

"விளம்பரம்னு நினைச்சுக் குப்பையில போட்டுட்டேன்."

என் பூட்ஸைப் பார்த்தார். வாசலிலிருந்து நாற்காலிவரை சேறு.

"எனக்காகவா இந்த மேட்டுல ஓடி வந்த?"

"பின்ன, அரசனுக்காகவா?"

இன்னொரு தட்டு எடுத்து வைத்தார். துருவிய முள்ளங்கியில் ஒரு கரண்டி அள்ளி, நான் பார்க்கத் தானே முதலில் சாப்பிட்டார். என் தட்டில் குழம்பு ஆறி ஆடை கட்டும்வரை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை எழுத உட்கார்ந்து முதலில் புன்னகையை அடித்து நீக்கினேன், பிறகு சாவையும். அரசனின் தேரோட்டி கோப்பையைத் தட்டிவிடுகிறான். நாவல் இனி எண்பது பக்கம் கூடும். பதிப்பாளர் என்ன சொல்வாரோ.

கொட்டகையில் தொட்டிக்கு இப்போது வில்ஃப் எழுதிய பலகை: 'வச்சநாபி. தொடாதே. முத்தமும் கூடாது.'