வெள்ளைத்துணி சொன்ன பொய்

என் கணவரின் கை நடுங்கியது கடைசிப் பதினோரு நாள்தான். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே தன் கை போய்விட்டது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அந்த முடிவோடு அவர் போய்ச் சேரவில்லை. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் இன்னும் இருக்கிறார். நேரில் சொல்ல ஆரம்பித்தால் காது கேட்காதவர் போல எதையாவது தேடப் போய்விடுகிறார். அதனால் எழுதி வைக்கிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மரம் உயரத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, லாரி அளவுப் பெட்டியை முட்டையை வைப்பதுபோலக் கப்பலில் வைப்பார். ஞாயிறு காலையில் ரைபிள் கிளப். ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரு காகிதம், பத்துத் தோட்டா. பத்தும் ஒரு கோட்டுப் பொத்தானுக்குள் அடங்கும். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்து, "பொத்தான் தைச்சாச்சு" என்று என்னிடம் நீட்டுவார்.

நான் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறவள். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் பல்லில் படிந்து இறுகிய காரையைச் சுரண்டுகிறேன். ரைபிளைத் துடைத்துக்கொண்டே, "நீ வாய்க்குள்ள, நான் குழலுக்குள்ள. ரெண்டு பேருக்கும் வேல ஒண்ணுதான்" என்பார். கேலிக்குச் சொன்னது.

அந்த வருடம் இதயத்துக்காக அவருக்கு ஒரு புது மாத்திரை கொடுத்தார்கள். கூட வந்த சீட்டில், சிலருக்குக் கை நடுங்கலாம் என்று ஒரு வரி. அந்த வரியை அவர் இரண்டு முறை படித்தது எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்துக் காகிதத்தில் துளைகள் கோழி கிளறிய மாதிரி வந்தன. அப்புறம் காகிதமே வீட்டுக்கு வரவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

"கை போச்சும்மா. ரைபிளக் கிளப்புலயே ஒப்படைச்சிடலாம்னு இருக்கேன். கிரேனையும் விட்டுடணும். கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

நான் ஊசியையும் நூலையும் எடுத்து அவர் முன் வைத்தேன். முதல் தடவையிலேயே கோத்துவிட்டார்.

"ஊசி மூக்குக்கு முன்னாடி இருக்கு. அது அம்பது மீட்டர்" என்றார்.

அன்று அவருடைய அக்காவும் வந்திருந்தார். "கை நடுங்குதாம் கை! என் தட்டுலேர்ந்து மீன் துண்டத் திருடும்போது மட்டும் நடுங்கலியேடா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் என் கணவர் முகத்தில் அந்த முடிவு அப்படியே இருந்தது. இருபது வருடம் ஓட்டிய கிரேனை, ஒரு காகிதத்தில் விழுந்த துளைகளைப் பார்த்து விடப்போகிறார் என்பது எனக்குச் சோற்றில் கல் மாதிரி இருந்தது.

ரைபிளை ஒப்படைக்கப் போன அன்று நானும் கூடவே போனேன்.

கிளப்பின் ஆயுத அறை குறுகலானது. கம்பி போட்ட ஒரு ஜன்னல், எண்ணெய் நாற்றம், சுவரோரம் எண் போட்டு நிறுத்திய ரைபிள்கள். அவற்றைப் பழுது பார்ப்பவரை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு வந்தாலும் அவர் விரலில் கிரீஸ் இருக்கும். மேசைக்கு மேலே அவர் கையெழுத்தில் ஒரு பலகை: 'வெள்ளைத்துணி வரும்வரை துடை.'

கோளாறு ரைபிளில் இருக்குமோ என்று அவரிடம் கேட்டேன். "குழல்ல ஒரு குறையும் இல்ல தங்கச்சி" என்றார் கிரீஸ் அண்ணன். "மாப்ள மாதிரி துடைக்கிறவன் இங்க எவனும் கிடையாது. பாத்துக்கோ." துடைப்புக் கோலில் ஒரு துணித்துண்டைச் செருகி, பின்பக்கமிருந்து குழலுக்குள் தள்ளினார். முன்பக்கம் துணி பால் மாதிரி வெளியே வந்தது.

அந்த வெள்ளைதான் என்னை உறுத்தியது. என்னிடம் வருகிறவர்களும் முன்பல்லைக் காட்டி, தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன் என்பார்கள். பொய் இல்லை. ஆனால் கண்ணாடியைத் திருப்பிக் கீழ்ப்பல்லின் பின்பக்கம் பார்த்தால் காரை கல்லாக இறுகிக் கிடக்கும். பிரஷ் அதன் மேலேயே வழுக்கிப் போய்ச் சுத்தமாகத் திரும்பி வரும்.

"அண்ணே, இதுல சூடும் புகையும் ரொம்ப அடிக்கிற இடம் எது?"

"தோட்டா உக்காருதுல்ல, அதுக்குச் சித்த முன்னாடி."

"அங்க மட்டும் பாக்க முடியுமா?"

அவர் அலமாரியிலிருந்து பாம்பு மாதிரி ஒரு சின்னக் கேமராவை எடுத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. வெள்ளத்துணி வந்தப்புறம் இது எதுக்குன்னு வெச்சிட்டேன்."

திரையில் குழலின் உள்பக்கம் தெரிந்தது. சுழன்று போகும் வரிகள் நாடா மாதிரி பளபளத்தன. அந்த வரிகள் தொடங்கும் இடத்தில் மட்டும், கறுப்பாக, மோதிரம் போல ஒரு வளையம்.

"காரை" என்றேன்.

கிரீஸ் அண்ணன் திரையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கையிலிருந்த வெள்ளைத்துணியைப் பார்த்தார். அந்தத் துணியை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

என் கணவர் மட்டும் நம்பவில்லை. "அது எப்பவும் இருந்திருக்கும்" என்றார். ஆசைப்பட்டு ஏமாறுவதற்கு அவருக்குப் பயம்.

கிரீஸ் அண்ணன் வெண்கலப் பிரஷை முழு நீளத்துக்கு முப்பது தடவை தள்ளினார். கேமராவில் வளையம் அசையவில்லை. நான் பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்த பல் சுரண்டும் கொக்கியை வெளியே எடுத்தேன். கிரீஸ் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அடி பாவி! எஃகு மேல எஃகு வெச்சியோ, குழலே காலி."

"அப்ப ஊற வைங்க. ஊறாம காரை விடாது. அப்புறம் அந்த ஒரு இடத்துல மட்டும் சின்னச் சின்னதாத் தேய்க்கணும். நீங்க முழு வாயையும் தேய்க்கிறீங்க."

கரி கரைக்கும் மருந்தில் நனைத்த துணியைச் சரியாக அந்த வளையத்தில் நிறுத்தி, மறுநாள் வரை விட்டார். நான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் எட்டிப் பார்த்தேன். முதல் நாள் துணி பழுப்பாக வந்தது. இரண்டாம் நாள் காப்பித்தூள் நிறம். மூன்றாம் நாள், தேய்ந்த பிரஷில் துணி சுற்றி மெருகுப் பசை தடவி, இரண்டு விரல் அகலத்துக்குள்ளேயே முன்னும் பின்னுமாகத் தேய்த்தார். கறுப்புச் செதிலாக உதிர்ந்தது. கோலைக் குழலின் வாய்ப்பக்கமிருந்து விட்டால் சுலபமில்லையா என்று கேட்டேன். "வாய் விளிம்பு அடிபட்டா குறி போச்சு. உங்க ஆஸ்பத்திரியிலதான் முன்வாசல், இங்க பின்வாசல்" என்றார்.

ஞாயிறு காலை. என் கணவர் பாயில் குப்புறப் படுத்தார். நான் பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தேன். முதல் ஐந்து தோட்டாவும் ஐந்து திசையில் போயின. அவர் ரைபிளைக் கீழே வைத்தார்.

"பாத்தியா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"டேய் மாப்ள" என்று பின்னாலிருந்து கிரீஸ் அண்ணன் கத்தினார். "இப்பதான் குளிச்சிட்டு வந்திருக்கு, தல துவட்ட வேணாமா? புதுசாத் தேச்ச குழல் கொஞ்சம் புகை குடிச்சாத்தான் நிதானத்துக்கு வரும். இன்னும் இருபது சுடு. காகிதத்தப் பாக்காத. உன் பொண்டாட்டி பாப்பா."

சுட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்துக்கு மேல் துளைகள் ஒன்றையொன்று தேடி வருவது போல இருந்தது. காகிதத்தை மாற்றினார்கள். கடைசிப் பத்தில், முதல் மூன்றுக்குப் பிறகு புதுத் துளை எதையும் என்னால் எண்ண முடியவில்லை. இருந்த துளைதான் கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது. நான் தொலைநோக்கியை அவர் பக்கம் தள்ளினேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"பொத்தான்" என்றேன்.

அவர் வலதுகையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை விரித்து, புதிதாக வாங்கியது மாதிரி பார்த்தார். அப்புறம் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கிரீஸ் அண்ணன் எதையோ தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

மறுநாள் கூண்டில் ஏறினார். இன்னும் பத்து மாதம் கப்பலில் முட்டை வைத்தார். பிறகு இதயம் நின்று நின்று ஓடியது. மருத்துவமனையில் ஒருநாள் தண்ணீர் தம்ளர் அவர் கையில் தடதடத்து, போர்வையெல்லாம் நனைந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இது நெஜமாவே கைதான். கேமரா விட்டுப் பாக்க வேணாம்."

அவர் சாவைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வருகிறது. அன்று குழலுக்குள் பார்க்காமல் விட்டிருந்தால் அது எனக்குக் கிடைத்தே இருக்காது.

அந்த ரைபிளில் இப்போது பேக்கரிக்காரம்மா ஒருவர் சுடுகிறார். நன்றாகச் சுடுகிறாராம். அறையிலிருந்த பலகையைக் காணோம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் அண்ணன் போன் செய்கிறார். கேமராவைக் குழலுக்குள் விட்டு எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும், "தங்கச்சி, சனிக்கிழம வா. பல்லு பாக்கணும்" என்கிறார்.

நான் போகிறேன்.