கிளெக் கல்லறையின் மேல்மாடி

ஹோல்ட்ஷா கல்லறைத் தோட்டத்தில் வில்ஃப் சக்டன் இதுவரை வெட்டிச் சாய்த்த ஐவிக்கொடியை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் லீட்ஸ் நகரம் வரை போய்த் திரும்பலாம். திரும்பிய பிறகும், தேவாலயக் கோபுரத்துக்கு மப்ளர் மாதிரி இரண்டு சுற்றுச் சுற்ற மிச்சமிருக்கும். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மறுநாள் காலையிலேயே கையில் ரம்பத்தோடு தோட்டத்துக்குள் நுழைந்த மனிதர் அவர். அன்றிலிருந்து, கல்லைப் பற்றி மேலேறும் அந்த ஐவிக்குத் தூக்கம் போயிற்று.

தோட்டம் என்றால் சும்மா இல்லை. விக்டோரியா ராணி காலத்தில் ஆலை முதலாளிகள் ஒரு கம்பெனி சேர்ந்து, ஒரு குன்றையே வளைத்துப் போட்டார்கள். வளைந்து நெளியும் பாதை, தேவதாரு மரங்கள், அழும் தேவதைச் சிலைகள், ஏரிக்கரை பெஞ்சு. செத்தவர்கள் மாலையில் எழுந்து காலாற நடப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. குழியெல்லாம் நிரம்பியதும் கம்பெனி திவாலாயிற்று. எந்தப் பிணமும் இரண்டாம் முறை வாடிக்கையாளராக வருவதில்லையே. நகராட்சி அதை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டது. கோடையில் இரண்டு முறை ஒருவனைப் புல்வெட்டியோடு அனுப்பும். அவன் தேவதைகளின் கால் விரல்களைச் செதுக்கிவிட்டுப் போவான். மற்ற எல்லா வேலையும், வாரம் ஒருநாள் கூலியில்லாமல் வந்து உழைக்கும் சனிக்கிழமைக்காரர்கள் தலையில்தான். அத்தனை பேரும் ஓய்வுபெற்றவர்கள், குனிந்தால் நிமிர முடியாதவர்கள், ஆனாலும் குனிவார்கள். அவர்களுக்கு வில்ஃப்தான் தலைவர்.

புதிய கல்லறை எதுவும் ஹோல்ட்ஷாவில் விற்பதில்லை. ஏற்கெனவே இடம் வாங்கிப்போட்ட குடும்பங்கள் மட்டும் மிச்சமிருக்கும் இடத்தில் இறங்கிக்கொள்ளலாம். மாட்டுக் குடல் சுத்தம் செய்து விற்றே மாளிகை கட்டிய ஜோசையா கிளெக், தன் குடும்பத்துக்கு ஒரு குழியைக் கிணறுபோல் தோண்டச் செய்திருந்தார். அடித்தளத்தில் அவர், அவர் மேல் அவர் மனைவி (உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானாம்), அதற்கு மேல் மகன், மருமகள், பேரன் என்று மாடி மாடியாக ஏறி வந்தது குடும்பம். கடைசியாக இறங்கியது ஜோசையாவின் கொள்ளுப்பேத்தி மோனா. வில்ஃபின் மனைவி. அவளுக்கு மேலே இன்னும் ஒரே ஓர் ஆளுக்கு இடமிருந்தது.

வில்ஃபுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆசை அந்த மேல்மாடி. காலமெல்லாம் மோனா கட்டிலில் சுவர்ப் பக்கம் படுப்பாள், அவர் வெளிப்பக்கம். திருடன் வந்தால் முதலில் அவரைத் தாண்டட்டும் என்பது ஏற்பாடு. இப்போது அவள் கீழே படுத்துவிட்டாள். மேலே திறந்து கிடக்கிறது.

ஆனால் கல்லறையைத் திறக்கக் கையெழுத்துப் போடும் உரிமை கிளெக் ரத்தத்துக்குத்தான். மிச்சமிருந்த ஒரே கிளெக் மோனாவின் அக்கா மியூரியல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் அவர்தான் குருவி, வௌவால், வண்டு கட்சி. ஐவி இலையுதிர்காலத்தில் பூக்கும், தேனீக்கு அதுதான் கடைசிச் சாப்பாடு, அதைத் தொடாதே என்பார். ஜோசையாவின் நினைவுத்தூண் மேல் ஐவி எத்தனை அடர்த்தியாக ஏறியிருந்தது என்றால், உச்சியிலிருந்த கல் ஜாடியைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. பச்சைக் கரடி ஒன்று பின்னங்காலில் நிற்கிறது என்று குழந்தைகள் அலறுவார்கள்.

மோனாவைப் புதைத்த அந்தக் குளிர்காலத்தில், தேநீர்க் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் மியூரியல் பேச்சை எடுத்தார்.

"என்னை எரிச்சுடட்டும் வில்ஃப். சாம்பலை எங்கயாவது தூவிக்கங்க. மேல் இடம் உனக்குத்தான். ஆனா ஒண்ணு. கொள்ளுத்தாத்தா மேல இருக்கிற ஐவியில உன் கை படக்கூடாது."

"அது கல்லைத் தின்னுட்டு இருக்கு மியூரியல்."

"நூறு வருஷமா தின்னுது. இன்னும் பசி தீரல போல. தின்னுட்டுப் போகட்டும்."

"பிடிச்சு ஏறுற எதுவும் கடைசியில பிளந்துடும்."

"நீயும்தான் எங்க குடும்பத்தைப் பிடிச்சு ஏறுன. நாங்க என்ன பிளந்தா போயிட்டோம்?"

கொட்டகை வெடித்தது. ஒருவர் சிரித்த சிரிப்பில் பல்செட் பிஸ்கட் டப்பாவுக்குள் விழுந்து, அன்று யாரும் பிஸ்கட் சாப்பிடவில்லை. வில்ஃப் காது சிவக்கக் கை நீட்டினார். மியூரியல் குலுக்கினார்.

"அப்ப கையெழுத்து?"

"நீ சாகக் கிடக்கும்போது சொல்லி அனுப்பு, வந்து போடறேன். இப்பவே போட்டா உன் ரம்பம் சும்மா இருக்காது, தங்கம்."

சில ஆண்டுகள் வில்ஃப் வாக்கைக் காப்பாற்றினார். சோறு தண்ணி இல்லாத நோன்புகூட அதைவிடச் சுலபம். சுற்றியிருந்த கற்கள் எல்லாம் அவர் கைபட்டுப் பளிச்சென்று நிற்க, நடுவே கரடி மட்டும் கொழுத்துக்கொண்டே போயிற்று. நாயோடு உலாவ வருபவர்கள் சொல்லிவைத்தாற்போல் அங்கே வந்து நிற்பார்கள். "ஊரான் கல்லையெல்லாம் சுத்தம் பண்றாரு, மாமனார் வீட்டுக் கல்லை மட்டும் இப்படி விட்டிருக்காரே" என்பார்கள். நாய்கூட அதன் அருகே காலைத் தூக்கும்போது அவரைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கும்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. வட்டாரத்தின் சிறந்த கல்லறைத் தோட்டத்துக்குப் பரிசு. செப்டம்பரில் நடுவர்கள் வருகிறார்கள். வில்ஃபுக்குப் பச்சைக் கரடி கனவில் வந்து பரிசுக் கோப்பையில் பீர் குடித்தது.

ஐவியைக் கொல்வதற்கு ஒரு முறை உண்டு. பிடித்து இழுக்கக் கூடாது, கல்லின் தோல் உரியும். கணுக்கால் உயரத்தில் தண்டை அறுத்து, ஒரு சாண் துண்டை எடுத்துவிட்டு, பேசாமல் போய்விட வேண்டும். மேலே இருக்கும் கொடிக்குத் தான் செத்தது தெரியவே பல வாரம் ஆகும். நின்றபடியே காயும். காய்ந்த ஐவியில் குருவியும் இல்லை, தேனீயும் இல்லை. அதை எடுப்பதற்கு மியூரியலே மறுப்புச் சொல்ல முடியாது.

மார்ச் மாதம், மழை கொட்டிய ஒரு காலை. தோட்டத்தில் ஈ காக்கை இல்லை. வில்ஃப் தூணின் பின்பக்கம் மண்டியிட்டு, இலைகளை விலக்கி, தன் தொடை பருமன் இருந்த தண்டை அறுத்தார். வெட்டின் மேல் பாசியை அப்பினார். "மன்னிச்சுக்க மோனா. நல்லதுக்குத்தான்" என்றார் மண்ணைப் பார்த்து. மோனா உயிரோடு இருந்தபோதும் இந்த மாதிரி நேரங்களில் பதில் சொன்னதில்லை.

கோடையில் கரடி தேநீர் நிறத்துக்கு மாறிற்று.

"என்ன ஆச்சு இதுக்கு?" என்றார் மியூரியல்.

"வறட்சி."

"பக்கத்துல புல்லு பச்சையாத்தானே இருக்கு."

"ஐவிக்கு வேர் ஆழம் பத்தாது மியூரியல்."

கொட்டகையில் எல்லோரும் தங்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார்கள். ஐவி வேர் ஆஸ்திரேலியா வரை போய் அங்கே ஒரு கங்காருவைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று வருஷக்கணக்காக அவர்களுக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான்.

நடுவர்கள் வருவதற்கு முன், கற்கள் பத்திரமாக நிற்கின்றனவா என்று பார்க்க நகராட்சி ஓர் ஆளை அனுப்பியது. இந்தப் பரிசோதனை ஊருக்கே தெரியும். அவன் ஒவ்வொரு கல்லாகப் போய் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவான். ஆடினால் படுக்கப் போட்டுவிடுவான். நூற்றைம்பது ஆண்டு புயலுக்கு அசையாத கற்களைத் தள்ளித் தள்ளியே ஆட வைத்தவன் என்று அவனுக்குப் பெயர். சனிக்கிழமைக்காரர்கள் வழக்கம்போல் அவன் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனார்கள்.

ஜோசையாவின் தூணில் அவன் கை வைத்தான். கல் இடுக்குகளில் இருந்த சுண்ணாம்பை ஐவி என்றைக்கோ தின்று முடித்து, அதன் இடத்தில் தானே நின்று தூணைத் தாங்கியிருந்தது. இப்போது தாங்கியதும் காய்ந்து சுருங்கிவிட்டது. உச்சியிலிருந்த ஜாடி, ஆமாம் ஆமாம் என்று இரண்டு முறை தலையாட்டியது. பிறகு இறங்கியது. நகராட்சி ஆள் பின்னால் பாய்ந்த பாய்ச்சலை ஒலிம்பிக்காரர்கள் பார்த்திருந்தால் வீடு தேடி வந்திருப்பார்கள். ஜாடி, மோனாவுக்கு நேர் மேலே புல்லில் அரையடி புதைந்து நின்றது. காய்ந்த ஐவி முழுவதும் நனைந்த ஓவர்கோட்டுபோல் சரிந்து விழ, அடியில் வெட்டு தெரிந்தது.

மியூரியலுக்கு இடுப்பு சரியில்லை. குனிய வெகுநேரம் ஆயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. அறுத்த முகத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"வறட்சிக்குப் பல்லு முளைச்சிருக்கு" என்றார்.

"மியூரியல், நான் வந்து..."

"நேர்த்தியா இருக்கு. பஸ்ஸையும் இப்படி நேரா ஓட்டியிருந்தா டவுன் ஹால் சுவர் பிழைச்சிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"என்னை எரிக்க வேணாம்னு இன்னிக்கே சொல்லிடறேன்" என்றார் மியூரியல். "மேல் இடத்துல நானே படுத்துக்கறேன். எந்தங்கச்சிதானே."

"என்ன வேணும்னாலும் செய்யறேன். சொல்லு. அது மட்டும் வேணாம்."

மியூரியல் விழுந்து கிடந்த ஜாடியைப் பார்த்தார், வெறும் தூணைப் பார்த்தார். "சரி. தூணைச் சரிபண்ணி ஜாடியை மேல ஏத்து. அறுத்த கையாலயே ஒரு ஐவி நடு. அது ஏறி ஜாடியைத் தொடற அன்னிக்குக் கையெழுத்துப் போடறேன். அதுக்குள்ள நான் போயிட்டா இடம் எனக்கு. நீ போயிட்டா..." தோளைக் குலுக்கினார். "உன்னை எரிச்சுக்கட்டும்."

வில்ஃபுக்கு எழுபத்தாறு வயது. ஐவி முதல் வருஷம் தூங்கும், இரண்டாம் வருஷம் தவழும், அதற்குப் பிறகுதான் எழுந்து நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் தூணைச் சரிசெய்து, ஜாடியை மேலே ஏற்றிவைத்துவிட்டு நட்டார். எல்லைச் சுவரின் மூலையில் அவர் கண்ணுக்குத் தப்பிக் கிடந்த ஒரு கொடியிலிருந்து துண்டு வெட்டிவந்து நட்டார். குன்றின் அடியில் இருக்கும் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார். முயலுக்குப் பயந்து கம்பி வலை, புல்வெட்டிக்காரனுக்குப் பயந்து நான்கு பக்கமும் முளைக்குச்சி. மோனாவைக்கூட அத்தனை சீராட்டியதில்லை. பரிசு வேறு தோட்டத்துக்குப் போனது அவர் காதில்கூட விழவில்லை. சனிக்கிழமைதோறும் மியூரியல் மடக்கு நாற்காலியையும் ஃபிளாஸ்க்கையும் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து, கைத்தடியால் அளப்பார்.

"கணுக்காலுக்கு வந்திருக்கு. ஜாடிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், தங்கம்."

மூன்றாம் வருஷம் நெஞ்சுச் சளி வந்து வில்ஃப் ஒரு சனிக்கிழமை படுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை மூச்சிரைக்கக் குன்றேறி வந்தவரை, புதிதாகச் சேர்ந்த கில்லியன் எதிர்கொண்டு ஓடிவந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர், பிடித்தால் விடமாட்டார்.

"வில்ஃப், உங்க குடும்பக் கல்லுலயே ஒண்ணு ஏறிட்டிருந்துச்சு, நல்லவேளை போன வாரம் பார்த்தேன்! எந்தப் பயலோ கிண்டலுக்குக் கம்பி வலை வேற போட்டு வெச்சிருக்கான். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே, சின்னதா இருக்கும்போதே வேரோட எடுத்துட்டேன். கடைவாய்ப் பல்லு மாதிரி வந்துச்சு, ஒரு இழைகூட உள்ள தங்கல!"

"சுவர் மூலையில ஒண்ணு..."

"அதையும்தான்!" என்றார் கில்லியன் பெருமையாக.

வில்ஃப் தூணைப் பார்த்தார். வெறும் கல். எதிரே மியூரியல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் நீ இங்கதானே இருந்த?"

"இங்கதான் இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மியூரியல்."

"தொடாதேன்னு ஒரு தடவை சொன்னேன் வில்ஃப். யாரும் கேக்கல."

கத்தரியை எடுத்துக்கொண்டு வில்ஃப் ஒரு துளிர் தேடிப் புறப்பட்டார். மேல் வாசலிலிருந்து ஏரிக்கரை வரை, ஆலை முதலாளிகள் வரிசை, தேவதைகள் வரிசை, மதில் ஓரம், தேவதாரு மரத்தடி என்று எல்லாம் பார்த்தார். எங்கே பார்த்தாலும் துடைத்துவிட்ட மாதிரி கல். எல்லாப் பெயரையும் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. ஹோல்ட்ஷா முழுவதிலும் ஒரு ஐவி இலை இல்லை. அப்படிப்பட்ட வேலைக்காரர் அவர்.

குளிரில் விறைத்த கையோடு திரும்பி வந்தபோது மியூரியல் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுச் சுவர்ல நிறைய இருக்கு" என்றார், ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகியபடி. "செவ்வாக்கிழமை வா. ரம்பத்தை வீட்டுல வெச்சுட்டு வா."