பாதி விலைப் பெட்டி

என் தங்கை புருஷன் இன்றுவரை எந்தப் பொருளையும் வாங்கியதில்லை. அடித்துத்தான் பிடித்திருக்கிறார். "இந்தக் கட்டிலைப் பாதிக்கு அடிச்சேன் மச்சான், இந்த ஏசியை முக்காலுக்கு அடிச்சேன்" என்று வீட்டைச் சுற்றிக் காட்டுவார். கட்டில் புரண்டால் கத்தும். ஏசி தலையில் சொட்டும். அதைப் பற்றி அங்கே பேச்சே கிடையாது.

நானும் வியாபாரி வீட்டில் பிறந்தவன்தான், கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பேரத்தைக் குறை சொன்னால் என் பிழைப்பையே குறை சொன்ன மாதிரி. ஆனால் எனக்குப் பேரம் பொருளை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வழி. மாப்பிள்ளைக்கோ பேரம்தான் வீட்டுக்கு வரும். பொருள் அதன் பின்னால் இலவசமாக வந்து சேரும்.

அவருடைய ஒரே மகள் சினிமா படித்தவள். படிப்பு முடிகையில் சின்னதாக ஒரு படம் எடுத்தாள். கரண்ட் போன வீட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. அதைப் பார்த்த ஓர் எடிட்டிங் ஸ்டூடியோ, வெளியூரில், வேலைக்குக் கூப்பிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை துணிக்கடைக்காரர். மகள் கல்லாவில் உட்காரவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் நேரடியாக மறுக்கத் துணிச்சல் இல்லை. "பெரிய திரையில போடு. ஞாயித்துக்கிழமை உன் பெரியப்பா வருவாரு. அவரு பார்த்து, இதுல சரக்கு இருக்குன்னு சொன்னா போ. இல்லேன்னா கடை" என்றார். அந்தக் குடும்பத்தில் பெரியவர் சொன்னால் சொன்னதுதான்.

அதற்காகத்தான் புரொஜெக்டர். வாடகைக்கு எடுக்கலாம் என்று அவள் சொன்னாள். வாடகை என்ற சொல்லே அவருக்கு அலர்ஜி. என்னையும் இழுத்துக்கொண்டார். மூவருமாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம்.

அவள் விசாரித்து வைத்திருந்த மாடல் முன் அலமாரியிலேயே இருந்தது. சுமாரான விலை. பெட்டி மேல் பெரிய வீரப்பேச்சு எதுவும் இல்லை.

"இதுதாம்பா. ஃபுல் ஹெச்டி. சொன்னதைக் காட்டும்."

"எவ்வளவு குறைப்பீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"இதுல குறைக்க முடியாது சார். ஒரே விலை" என்றான் கடைக்காரன்.

மாப்பிள்ளையின் முகம் விழுந்தது. ஆளை மதிக்காத பொருளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். கடைக்காரன் பழுத்த ஆள். ஒரே பார்வையில் இவரை அளந்துவிட்டான். உள்ளே போய் வேறொரு பெட்டியைத் தூக்கி வந்தான். நாலாப் பக்கமும் 'ஃபோர்-கே' என்று தங்க எழுத்து. விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

"ஆனா உங்களுக்குன்னா பேசலாம் சார்."

அந்த ஒரு வார்த்தையில் மாப்பிள்ளை உயிர்த்தெழுந்தார்.

"அப்பா, ஃபோர்-கேன்னு போட்டிருக்கிறது, ஃபோர்-கே படத்தை வாங்கிக்கும்னு அர்த்தம். காட்டுறது அதுல கால்வாசிகூட இருக்காது" என்றாள் மகள்.

"வாங்கினதைக் காட்டாம அது தின்னுடுமா?"

"தின்னுடும்ப்பா."

"சும்மா இரு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல."

கடைக்காரன் எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனான். சன்னல் இல்லாத இருட்டறை. கதவைச் சாத்திவிட்டு, கைக்குட்டை அகலத்துக்குப் படம் போட்டான். கலர் கலராக மீன் நீந்தியது. ஒரு பூ மெதுவாக விரிந்தது. மாப்பிள்ளை வாய்பிளந்து நின்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. துணிக்கடையில் தலைக்கு மேல் ஏன் அத்தனை விளக்கு எரிகிறது என்று இவருக்குத் தெரியாதா? மாட்டியதே இவர்தானே! சுமாரான துணியை அந்த வெளிச்சத்தில் தங்கமாக்கி விற்கிற மனிதர், விளக்கை அணைத்ததும் பச்சைக் குழந்தையாகிவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க வெளிச்சத்துல பண்றதை இவன் இருட்டுல பண்றான்" என்று காதைக் கடித்தேன்.

"மச்சான், இது கண்ணாடி இல்ல, எலக்ட்ரானிக்ஸ்."

அப்புறம் பேரம். எழுந்து போவதுபோல் இரண்டு தரம் வாசல்வரை போனார். இரண்டு தரமும் கடைக்காரன் கையைப் பிடித்து இழுத்தான். கடைசியில் பாதி விலைக்கு இறங்கி, திரைத்துணியும் ஸ்டாண்டும் சும்மா தந்து, "இன்னைக்கு என் வீட்ல அடுப்பு எரியாது சார்" என்று ஒரு பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சை எனக்குத் தெரியும். நல்ல லாபம் வந்த அன்றைக்குத்தான் நானே அதை விடுவேன்.

ஞாயிறு மதியம் பெரியவர் வந்தார். கூடத்துத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டும் ஓரங்களில் வெயில் கசிந்தது. மாப்பிள்ளை அண்ணனை உட்கார வைத்து, பெட்டியைத் தடவிக் காட்டி, பேரக் கதையை வாசல்வரை போன நடையோடு நடித்தே காட்டினார். பெரியவர் தலையாட்டினார்.

படம் ஓடியது. ஓடியது என்றால் சத்தம் ஓடியது. பெட்டிக்குள் இருந்த மின்விசிறி மாவு மில்லாக இரைந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். அதற்கு நடுவில் மஞ்சளாக ஒரு கறை. அதுதான் விளக்கு. அக்கா எது தங்கை எது என்று பெற்றவளுக்கே தெரியாது.

மாப்பிள்ளை நெளிந்தார். அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. கோளாறு பெட்டியில் என்றால், அண்ணன் முன்னால் ஏமாளி ஆகவேண்டும். கோளாறு படத்தில் என்றால், கெட்டிக்காரராகவே இருக்கலாம். யோசிக்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை.

"என்னம்மா எடுத்து வெச்சிருக்கே? ஒரு எழவும் தெரியலையே! இதுக்கா வேலை குடுக்கிறானுங்க?"

என் தங்கை, "பெட்டி சரியில்லையோ என்னவோ..." என்று இழுத்தாள்.

"ஃபோர்-கேடி அது!"

"லேப்டாப்புல காட்டுறேன், பெரியப்பா" என்றாள் மகள்.

"பெருசுல நல்லா இல்லாதது சிறுசுல நல்லா இருந்துடுமா? விடு. நாளைக்குக் கடைக்கு வந்துடு." மாப்பிள்ளை விஷயத்தை முடித்துவிட்டார்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் படத்தை நிறுத்தினாள்.

"சரிப்பா. படம் மோசம். புரொஜெக்டர் நல்லது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்போ கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் காட்டிடறேன்."

உள்ளே போனாள். திரும்பி வந்து லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். திரையில் ஒரு துணி விரிந்தது. அழுக்குத் தண்ணீரில் ஊறிய செங்கல் நிறம்.

பெரியவர் முன்னால் சாய்ந்தார். துணியிலேயே தலை நரைத்தவர். "இது எந்தக் கடைச் சரக்கு? சாயம் போயிருக்கே."

"நம்ம கடைதான் பெரியப்பா. போன வாரம் அப்பா இறக்கின அடர் மெரூன் பட்டு. அம்மாவுக்கு எடுத்து வெச்சிருந்தாரு, இப்பதான் போட்டோ எடுத்தேன்."

பெரியவர் தம்பியைப் பார்த்தார். "இதையா இறக்கினே? கடை பேரு என்னடா ஆகும்?"

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். "அண்ணே! சத்தியமா முதல் தரம்ணே! துணியில ஒரு குறையும் இல்ல. இந்தச் சனியன் புடிச்ச பெட்டிதான் கலரைத் தின்னுது! ஒரு எழவும் தெரியல இதுல!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பெட்டியின் மின்விசிறி இரைந்துகொண்டே இருந்தது. மகளுக்காக விட்டுக்கொடுக்காத பேரத்தை ஒரு முழத் துணிக்காக விட்டுக்கொடுத்த மனிதர், நடுக்கூடத்தில் நின்றார். என் தங்கை அவரைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க மாட்டேன். அது அவர்கள் குடும்ப விஷயம்.

"அந்தச் சத்தத்தை அணைச்சுட்டு லேப்டாப்பை எடுத்துட்டு வாம்மா" என்றார் பெரியவர்.

எல்லோரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். இருட்டு இருட்டாகவே இருந்தது. விளக்குச் சுடரில் தங்கையின் கண்ணீர் கன்னத்தில் எங்கே நின்றது என்பதுவரை தெரிந்தது. முடிந்ததும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எப்போ சேரணும்?" என்று அவளிடம் கேட்டார். அண்ணன் கேட்டுவிட்டால் தம்பிக்கு மறுபேச்சு இல்லை.

மாப்பிள்ளை சும்மா இருந்தாரா? "ஒரு வருஷம் அங்க, அப்புறம் கடைன்னு பேசிக்கலாம்... சரி, ஒண்ணரை..." என்று ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் யாரும் விலை சொல்லவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், சேருகிற தேதியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்: "சம்பளம் பேசினாளா மச்சான்? அவனுங்க சொன்னதுக்கே தலையாட்டியிருப்பா. போனை வாங்கி நான் ரெண்டு வார்த்தை பேசட்டுமா?"

அறைக்கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது.